முட்டிச் சில்லுக்குக் கம்பியா, ஸ்க்ரூவா, பிளேட்டா, நூலா: ஒரு ஃபிசியோவின் மதிப்பீடு

முட்டிச் சில்லு உடைந்து ஆபரேஷன் முடிந்தவர்கள் என்னிடம் வந்ததும் முதலில் நீட்டுவது எக்ஸ்ரே படத்தைத்தான். "எலும்பு நல்லா சேந்துடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா கால் மடங்க மாட்டேங்குது" என்பார்கள். அந்த 'ஆனா'வில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. நாகப்பட்டினத்தில் ஃபிசியோதெரபி பார்க்கிறேன். நான் கத்தி பிடிப்பவள் இல்லை. கத்தி பிடித்தவர் உள்ளே எதை வைத்தார், அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை மாதக்கணக்கில் கையால் தொட்டுப் பார்ப்பவள். சர்ஜன் தையல் பிரிக்கும்போது பார்ப்பார், ஆறாவது வாரம் பார்ப்பார், மூன்றாவது மாதம் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் அந்த முட்டி என் மேசையில் கிடக்கும்.

அதனால் இந்த மதிப்பீட்டை என் மேசைப் பக்கத்திலிருந்தே எழுதுகிறேன். இன்று புழக்கத்தில் உள்ள எந்த முறையிலும் பெரும்பாலானவர்களுக்கு எலும்பு ஒட்டிவிடும். 'எது நல்லா ஒட்டும்?' என்று கேட்டால் பாதிதான் கேட்டதாக அர்த்தம். எது முட்டியைச் சீக்கிரம் மடக்க விடுகிறது, எது தோலுக்கடியில் உறுத்தாமல் கிடக்கிறது, எதற்கு இரண்டாவது ஆபரேஷன் தேடி வரும் என்பவைதான் மிச்சப் பாதி. எங்கள் ஊர்ப்பக்கம் அந்த மிச்சப் பாதி ரொம்பவே கனமானது. வேளாங்கண்ணியில் மாதா குளத்துப் பக்கமிருந்து பேராலயம் வரை மணலில் முட்டி போட்டே நடந்து நேர்த்திக்கடன் தீர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நாகூரில் ஐந்து வேளை தொழுபவர்கள் இருக்கிறார்கள். மார்கழியில் வாசலில் குந்திக் கோலம் போடுபவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தே வாழ்நாளைக் கழிக்கும் ஊரில் எழுதிய ஆய்வில் 'நல்ல பலன்' என்று போட்டிருந்தால், அது இங்கே அப்படியே செல்லாது.

சில்லு எதற்கு இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிணற்றில் ராட்டினம் இல்லாமல் கையாலேயே கயிற்றை இழுத்துத் தண்ணீர் சேந்திப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். தொடையின் முன்பக்கத் தசை காலை நீட்ட இழுக்கிறது. அந்த இழுவையை மூட்டின் நடுவிலிருந்து கொஞ்சம் முன்னால் தள்ளிப் பிடித்து, குறைந்த பலத்தில் கால் நீட்ட வழி செய்வது இந்தச் சில்லு. மேலே தொடைத் தசையின் நாண், கீழே கணுக்கால் பக்கம் போகும் பெரிய எலும்போடு சேர்க்கும் நாண், இரண்டு பக்கமும் சவ்வு. எல்லாம் ஒரே சங்கிலி. சில்லு குறுக்கே உடைந்தால் சங்கிலி அறுந்துவிடும். மேல் துண்டைத் தசை மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். மல்லாக்கப் படுத்து, முட்டியை மடக்காமல் காலைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியாது. சாதாரணப் பரிசோதனைதான், ஆனால் ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்ற முடிவில் பாதியை இதுவே சொல்லிவிடும். மிச்சத்தை எக்ஸ்ரே சொல்லும். துண்டுகளுக்கு நடுவே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தாலோ, மூட்டுப் பக்கத்தில் 2 மி.மீ.க்கு மேல் மேடுபள்ளம் இருந்தாலோ பொதுவாக ஆபரேஷன் என்பார்கள்.

சில்லு விலகாமல் வெறும் விரிசலோடு நின்று, காலையும் தூக்க முடிகிறதென்றால் கத்தியே வேண்டாம். தொடையிலிருந்து கணுக்கால் வரை நேராக மாவுக்கட்டு, அல்லது மடங்காமல் பிடிக்கும் பிரேஸ், நாலிலிருந்து ஆறு வாரம். அதோடேயே ஊன்றி நடக்கலாம். இந்த வகைக்கு என் மதிப்பெண் முழுசு. விலகிய சில்லுக்கு ஊர்ப்பக்கம் போய்க் கட்டுப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. வெளியிலிருந்து எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், மேலே போன துண்டைத் தொடைத் தசை விடாது. கையில் உடைந்த எலும்பும் இதுவும் ஒன்றல்ல.

சரி, ஆபரேஷன் என்று முடிவானால் இன்றும் அதிகம் செய்வது டென்ஷன் பேண்ட். ஊர்வாயில் 'கம்பி வெச்சுக் கட்டினது'. இரண்டு கே-ஒயர்களை, அதாவது ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. தடிமனுள்ள விறைப்பான எஃகு ஊசிக் கம்பிகளை, சில்லின் மேலிருந்து கீழாக இணையாகச் செலுத்துவார்கள். வளையும் எஃகுக் கம்பி ஒன்றை அவற்றின் முனைகளுக்குப் பின்னால் நுழைத்து, சில்லின் முன்பக்கத்தில் எட்டு வடிவத்தில் குறுக்கே கொண்டுவந்து, இடுக்கியால் முறுக்கி இறுக்குவார்கள். முட்டியை மடக்கும்போது முன்பக்கம் பிளக்கப் பார்க்கும். அந்தப் பிளப்பைக் கம்பி தடுத்து, மூட்டுப் பக்கத்தில் துண்டுகளை ஒன்றோடொன்று அழுத்த வைக்கும். பாவெல்ஸ் என்ற ஜெர்மன் சர்ஜன் சொன்ன தத்துவம் இது. சுவிட்சர்லாந்தில் 1958-ல் தொடங்கிய ஏஓ என்ற எலும்பு சர்ஜன்கள் குழு அதை உலகம் முழுக்கப் பரப்பியது. உண்மையிலேயே அவ்வளவு அழுத்தம் உண்டாகிறதா என்று சமீப ஆண்டுகளில் சோதித்துச் சந்தேகம் கிளப்பியவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் ஆபரேஷன் தியேட்டர்களில் இதன் செல்வாக்குக் குறையவில்லை.

சில்லுக்குக் கம்பி கட்டுவது இதைவிடப் பழைய வேலை. 1877-ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் ஜோசப் லிஸ்டர் ஓர் உடைந்த சில்லைத் திறந்து வெள்ளிக் கம்பியால் கட்டினார். நல்ல முழங்கால் மூட்டை வேண்டுமென்றே திறப்பதா என்று மற்ற டாக்டர்கள் கொதித்த காலம் அது. அதற்கு முன்னால் மல்கேன் என்ற பிரெஞ்சுக்காரர் தோல் வழியாகக் குத்திப் பிடிக்கும் இரும்புக் கொக்கிகள் வைத்திருந்தார். அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால், இன்றைக்குக் கிடைக்கும் எந்த முறையைப் பற்றியும் குறை சொல்ல வாய் வராது.

வந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். டென்ஷன் பேண்டின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பிகளின் விலை சில நூறு ரூபாய்தான். எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் எப்போதும் கையிருப்பில் இருக்கும். எலும்பு டாக்டராகப் படிக்கும் எல்லோரும் சீக்கிரமே கற்றுக்கொள்ளும் வேலை. குறுக்கே இரண்டாக உடைந்த சில்லுக்குச் சரியாகச் செய்தால், சில நாட்களிலேயே மெல்ல மடக்க ஆரம்பிக்கலாம். இங்கே ஒரு கொத்தனார், மழையில் சாரம் வழுக்கி முட்டியில் விழுந்தவர், அரசு ஆஸ்பத்திரியில் இப்படிக் கட்டிக்கொண்டு வந்தார். சர்ஜன் ஒரே ஒரு சீட்டில் எத்தனாவது வாரம் எத்தனை டிகிரி மடக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டு எனக்குப் பல டிஸ்சார்ஜ் சம்மரிகளைவிட மதிப்பானது. அந்த மனிதர் இப்போது சாரத்திலேயே ஏறுகிறார்.

கெட்டது தோலுக்கடியில் இருக்கிறது. உங்கள் முட்டியை இப்போதே தொட்டுப் பாருங்கள். சில்லுக்கும் விரலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? தோல், ஒரு மெல்லிய பை, அவ்வளவுதான். தொடையிலோ இடுப்பிலோ எவ்வளவு பெரிய இரும்பு வைத்தாலும் சதை மூடிவிடும். இங்கே மூட ஆளில்லை. வீக்கம் வற்றியதும், ஆபரேஷன் ஆன சில்லின் மேல் விளிம்பில் விரலை வைத்துத் தடவினால் கே-ஒயரின் வளைத்த முனை இரண்டும் இரண்டு மிளகு போலத் தட்டுப்படும். கொஞ்சம் கீழே, ஓரமாக, முறுக்கிய கம்பியின் முடிச்சு. தோலை லேசாக நகர்த்தினால் முடிச்சின் மேல் வழுக்கிப் போகும். சில பேருக்கு அந்த இடம் எப்போதும் சிவந்தே இருக்கும். லுங்கி உரசினால்கூட எரிகிறது என்பார்கள். முனை எலும்புக்குள் சரியாகப் புதையாவிட்டால், மடக்கி நீட்ட மடக்கி நீட்ட ஊசி மெல்ல மேலே ஏறிவிடும். பூக்கட்டும் அக்கா ஒருவருக்கு அது தோலைக் கூடாரம் போட்டது போல நிமிர்த்திக்கொண்டு நின்றது. அவருக்கு ஆபரேஷன் நடந்த தனியார் ஆஸ்பத்திரியில் "அது ஒண்ணும் பண்ணாது, எக்சர்சைஸ் பண்ணும்மா" என்று ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பினார்கள். மடக்கினால் குத்துகிறது, குத்துவதால் மடக்க மாட்டேன் என்கிறார், மடக்காததால் மூட்டு இறுகுகிறது. நான் என்ன எக்சர்சைஸ் கொடுப்பது? கடைசியில் வேறொரு சர்ஜன் அந்தக் கம்பிகளை எடுத்த பிறகுதான் அந்த முட்டி என் பேச்சைக் கேட்டது.

இது ஒரு அக்காவின் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சில்லு ஆபரேஷன் ஆனவர்களைச் சராசரியாக ஆறரை வருடம் கழித்துக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு உள்ளே வைத்ததை எடுக்க வேண்டி வந்திருந்தது. எடுக்காமல் வைத்திருந்தவர்களிலும் 38 சதவீதம் பேர் அதனால் அவ்வப்போது வலிக்கிறது என்றார்கள். சிறிய ஆய்வுதான், இருந்தாலும் என் மேசைக்கு வருபவர்களைப் பார்க்கும்போது அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ரொம்ப அபூர்வமாக, உடைந்த கம்பித் துண்டு ரத்தக் குழாய் வழியே இதயம் வரை போனதாகவும் மருத்துவ இதழில் பதிவு இருக்கிறது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எக்ஸ்ரேயில் கம்பி உடைந்து தெரிந்தால் 'இருந்துட்டுப் போகட்டும்' என்று விடாமல் சர்ஜனிடம் காட்டுங்கள் என்பதற்காகத்தான்.

ஆக டென்ஷன் பேண்டின் விலையைச் சொல்லும்போது இரண்டாவது ஆபரேஷனின் விலையையும், அதற்கு எடுக்கும் லீவையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். முதல் பில்லை மட்டும் பார்த்தால் மலிவு. மொத்தமாகக் கூட்டினால் மலிவுதானா என்பது ஆளைப் பொறுத்தது.

அடுத்தது ஸ்க்ரூ. நடுவில் துளை உள்ள 4 மி.மீ. ஸ்க்ரூ இரண்டு, கே-ஒயர் இருந்த இடத்தில். அந்தத் துளை வழியாகவே கம்பியை நுழைத்து முன்பக்கம் எட்டு வடிவில் கட்டுவார்கள். கே-ஒயர் வெறும் வழிகாட்டி மாதிரி நிற்கும். ஸ்க்ரூவோ தானே துண்டுகளை இறுக்கிப் பிடிக்கும். 1997-ல் தானமாகக் கிடைத்த முழங்கால்களை வைத்துச் செய்த ஒரு சோதனையில், கே-ஒயர் டென்ஷன் பேண்ட் சராசரியாக 395 நியூட்டன் இழுவையில் தோற்றது. ஸ்க்ரூ மட்டும் என்றால் 554, ஸ்க்ரூவும் கம்பியும் சேர்ந்தால் 732. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். ஆய்வுக்கூடத்து முட்டிக்குத் தோல் உறுத்தலும் கிடையாது, படிக்கட்டும் கிடையாது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படியுங்கள்.

என் அனுபவத்தில் ஸ்க்ரூ போட்ட முட்டி சீக்கிரம் தைரியம் பெறுகிறது. மேல் விளிம்பில் குத்தும் முனை இல்லை, ஸ்க்ரூ பின்வாங்கி வெளியே வருவதும் குறைவு. கம்பி முடிச்சு மட்டும் இருக்கும். அதையும் சாமர்த்தியமான சர்ஜன் பக்கவாட்டில் திருப்பி நாணுக்கடியில் புதைத்துவிடுவார். ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்க்ரூ எலும்பின் நீளத்தைவிடக் கொஞ்சம் குட்டையாக, எலும்புக்குள்ளேயே முடிய வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் விளிம்பே கம்பியை அறுத்துவிடும். பிடிக்காத விஷயம், இது எல்லோருக்கும் பொருந்தாது. குறுக்கே இரண்டாகத் தெளிவாக உடைந்திருக்க வேண்டும், எலும்பும் கெட்டியாக இருக்க வேண்டும். அறுபதைத் தாண்டி எலும்பு பஞ்சாகிப்போன பெண்களுக்கு ஸ்க்ரூவின் பிடிமானம் அவ்வளவு போதாது. பைக்கில் போய்ச் சுவரில் முட்டி இடித்து நொறுங்கிய சில்லுக்கும் இது ஆகாது. எந்தத் துண்டில் ஸ்க்ரூவை ஏற்றுவது? ஆனால் பொருந்தும் ஆளுக்கு, இளவயது, நல்ல எலும்பு, குறுக்குவெட்டு முறிவு என்றால், நான் யாருக்காவது சிபாரிசு செய்ய முடியுமானால் இதைத்தான் செய்வேன்.

நொறுங்கிய சில்லுக்குத்தான் பிளேட். இதைப் பற்றி என் மனம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. ஆரம்பத்தில் 'இத்தனை மெல்லிய தோலுக்கடியில் தகடா' என்று முகம் சுளித்தேன். இப்போது வருபவை வலைபோலத் துளைகளுள்ள, மிக மெல்லிய டைட்டானியத் தகடுகள். சில்லின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, ஓரத்தை மடித்து, ஐந்தாறு திசையிலிருந்து குட்டி ஸ்க்ரூக்களைத் தகட்டோடேயே பூட்டிவிடுகிறார்கள். நாலைந்து துண்டாகச் சிதறியதைக்கூட ஒரே தட்டில் பிடித்து வைக்கும். பஞ்சு எலும்பிலும் பூட்டிய ஸ்க்ரூ அவ்வளவு லேசில் கழன்று வராது. தடவிப் பார்த்தால் முழுக்க ஒரு மழமழப்பு. முனை கிடையாது, முடிச்சு கிடையாது.

பிளேட் போட்ட ஒரு வாத்தியார் வந்தார், பள்ளிப் படிக்கட்டில் விழுந்தவர். முதல் எக்ஸ்ரேயைப் பார்த்தால் சில்லு என்று சொல்லவே முடியாது, உதிரித் துண்டுகள். இப்படிப்பட்டவருக்குக் கம்பி கட்டியிருந்தால் மடக்கவே பயந்து ஆறு வாரம் நேராக வைத்திருப்பார்கள், அதற்குப் பிறகு நானும் அவரும் சேர்ந்து அழுதிருப்போம். அவருடைய சர்ஜன் இரண்டாவது வாரத்திலேயே மடக்கச் சொல்லியிருந்தார். முழுமையாகக் குந்த வரவில்லை, அது வராது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். ஆனால் பஸ்ஸில் ஏறுகிறார், கரும்பலகையின் கீழ் வரியில் எழுதக் குனிகிறார்.

பிளேட்டின் குறை அதன் விலைதான். கம்பிக்கு நூறில் கணக்கென்றால் இதற்கு ஆயிரத்தில் கணக்கு. "முட்டிக்கு கவர்மென்ட்டே விலை வெச்சிருக்காமே" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவிலை வைத்தது மூட்டு மாற்று ஆபரேஷனுக்கான செயற்கை முழங்காலுக்கு. உடைந்த சில்லைச் சேர்க்கும் பிளேட்டும் ஸ்க்ரூவும் அந்த ஆணையில் வராது. காப்பீட்டுத் திட்டத்தில் போகிறவர்கள், தங்கள் பேக்கேஜில் எந்தப் பொருள் வரும், எது வராது என்பதை அட்மிஷனுக்கு முன்பே கவுன்ட்டரில் கேட்டுக்கொள்வது நல்லது. பிறகு கேட்டால் தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு கையெழுத்துப் போட வேண்டிவரும். இன்னொரு குறை, தகட்டை வைக்க முன்பக்கத்தைக் கொஞ்சம் அதிகமாகத் திறக்க வேண்டும். சில்லுக்கு ரத்தம் போவதில் ஒரு பங்கு அந்த முன்பக்கத்து வழியாகத்தான். பழகிய கை என்றால் பார்த்துச் செய்யும். பழகாத கையில் விலையுயர்ந்த தகட்டைக் கொடுப்பதைவிட, பழகிய கையில் மலிவான கம்பியைக் கொடுப்பது மேல் என்று நான் தயங்காமல் சொல்வேன். சாதாரணக் குறுக்கு முறிவுக்குக்கூடப் பிளேட்தான் என்று அடம்பிடிக்கும் ஆஸ்பத்திரி என்றால், ஏன் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நல்ல பதில் வந்தால் சரி.

நூல் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த முறை இதுதான். எஃகுக் கம்பிக்குப் பதில் கரையாத தடித்த தையல் நூல். பழைய எத்திபாண்ட் பாலியஸ்டர் நூலும் உண்டு, பாலிஎத்திலீன் சேர்த்துப் பின்னிய ஃபைபர்வயர் போன்ற புது நூல்களும் உண்டு. இரண்டு இடத்தில் பயன்படுத்துகிறார்கள். ஒன்று, கே-ஒயரோ ஸ்க்ரூவோ வைத்துவிட்டு முன்பக்க எட்டை மட்டும் நூலால் போடுவது. இன்னொன்று, சில்லின் கீழ்முனை மட்டும் பொடிப்பொடியாக உடைந்தால், கீழ் நாணில் வரிசையாகத் தையல் ஓட்டி, சில்லில் மேலிருந்து கீழாகத் துளையிட்டு, நூலை அதன் வழியே இழுத்து மேல்பக்கம் முடிச்சுப் போடுவது. கீழ்முனைத் துண்டுகள் ஸ்க்ரூ தாங்காது. அங்கே நூல்தான் கெட்டிக்காரத்தனம்.

முட்டியைத் தடவினால் ஒன்றும் தெரியாது. எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாது, நூலைக் கதிர் காட்டாது. இதனால் ஒரு வேடிக்கை. மீன் ஏலம் எடுக்கும் ஓர் அண்ணன் கொதித்துப்போய் வந்தார். "டாக்டரம்மா, படத்தைப் பாருங்க. உள்ள ஒண்ணுமே வைக்கல. வெறும் தோல வெட்டித் தெச்சிட்டு காச வாங்கிட்டானுவோ!" (ஃபிசியோதானே என்று நான் எத்தனை முறை சொன்னாலும் இங்கே என் பெயர் டாக்டரம்மாதான்.) படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சில்லுக்குள் நூல் போன துளைகளின் மெல்லிய கோடுகளைக் காட்டினேன். ஆபரேஷனுக்கு முந்தைய படத்தையும் பக்கத்தில் வைத்தேன். கீழே கிடந்த துண்டு மேலே ஏறி உட்கார்ந்திருப்பதை அவரே விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்ப நூல்லயே இம்புட்டா?" என்றார். அவருடைய படகில் வலை கட்டும் நூலுக்கும் இதற்கும் தூரத்து உறவுதான் என்று சொல்ல நினைத்தேன். ஏற்கெனவே பில் விஷயத்தில் சூடாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

நூலுக்குக் குறை இல்லாமல் இல்லை. எஃகு போல விறைப்பு கிடையாது, முடிச்சு கொஞ்சம் இளகும். அதனால் கீழ்முனைக்கு நூல் போட்ட முட்டியை நான் அவசரப்படுத்துவதில்லை. சர்ஜன் எத்தனை டிகிரி என்று எழுதியிருக்கிறாரோ அதைத் தாண்டி ஒரு சுண்டுவிரல் அளவும் போகமாட்டேன். கம்பி முட்டிக்குக் குத்தும் தொல்லை என்றால் இதற்குப் பொறுமைத் தொல்லை. ஆனால் மண்டியிடுபவர்களுக்கும் தொழுபவர்களுக்கும், பொருந்துமானால் நூலைக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

சேர்க்க முடியாத துண்டை எடுத்தே விடுவதும் உண்டு. கீழ்முனைப் பொடியை நீக்கிவிட்டு நாணை மிச்ச எலும்போடு தைப்பது இன்றும் நியாயமான வழிதான். முழுச் சில்லையும் எடுப்பது வேறு கதை. 1937-ல் புரூக் என்ற ஆங்கிலேய சர்ஜன், சில்லே இல்லாத முழங்கால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்று எழுதி, கொஞ்ச காலம் அது நாகரிகமாகவே இருந்தது. நீட்டும் பலம் பாதிக்கு அருகில் வரை போகலாம் என்று பிறகு தெரிந்தது. அந்தக் காலத்தில் எடுத்துக்கொண்ட ஒரு தாத்தாவின் காலைப் பார்த்திருக்கிறேன். நடக்கிறார், ஆனால் கடைசிக் கொஞ்ச டிகிரி நீள்வதே இல்லை. படியில் இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொள்வார். முழுச் சில்லையும் எடுப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

எந்த முறையிலும் நான் முதலில் பார்ப்பது எலும்பைச் சேர்த்த விதத்தை அல்ல, பக்கவாட்டுச் சவ்வைத் தைத்தார்களா என்பதை. சில்லு விலகியபோது இரண்டு பக்கச் சவ்வும் கிழிந்திருக்கும். அதைச் சரியாகத் தைக்காமல் சில்லை மட்டும் அழகாகச் சேர்த்தால் படம் பளிச்சென்று இருக்கும், கால் தூக்கும்போது மட்டும் ஒரு தொங்கல் மிஞ்சும். அப்புறம் பிரேஸ். முதல் சில வாரம் நடக்கும்போதும் தூங்கும்போதும் நேராகப் பூட்டி, எக்சர்சைஸ் நேரத்தில் மட்டும் கழற்றி மடக்குவது பொதுவான வழக்கம். முதல் நாளிலிருந்தே தொடையை இறுக்கி விடுவது, கணுக்காலை ஆட்டுவது. பிறகு 30 டிகிரி, 60, ஆறாவது வாரவாக்கில் 90-ஐத் தொட்டால் எனக்கு நிம்மதி. என்ன வைத்தார்கள் என்பதைவிட, வைத்த பிறகு எத்தனை நாள் 'பத்திரமா' அசைக்காமல் வைத்திருந்தார்கள் என்பதே பல முட்டிகளைக் கெடுக்கிறது. வீட்டில் பாட்டிகள் காலுக்கடியில் தலையணை வைத்து மடக்கி வைப்பது இன்னொரு தொல்லை. இரவு முழுக்க அப்படியே கிடந்தால் மூட்டு முழுசாக நீள மறுத்துவிடும். தலையணை வைப்பதானால் குதிகாலுக்கடியில் வையுங்கள், முட்டிக்கடியில் வேண்டாம்.

உள்ளே இருப்பதை எடுக்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உறுத்தவில்லை என்றால் வேண்டாம். உறுத்தினால் எலும்பு முழுதாகச் சேர்ந்தபின், பெரும்பாலும் ஒரு வருடவாக்கில் எடுக்கிறார்கள். பழைய தழும்பிலேயே திறப்பார்கள், முதல் ஆபரேஷனைவிடச் சின்னது. வெளிநாடு போகிறவர்கள் ஏர்போர்ட்டில் பீப் அடிக்குமா என்று கேட்கிறார்கள். அதற்காக மட்டும் எடுக்க வேண்டாம். அடித்தால் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டினால் போதும்.

அந்தச் சம்மரியில் ஒரு விஷயம் இருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்புமுன் பாருங்கள். உள்ளே வைத்த பிளேட், ஸ்க்ரூ டப்பாவில் கம்பெனி பெயரும் அளவும் எண்ணும் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை ஃபைலில் ஒட்டச் சொல்லி ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு வேறு ஊரில், வேறு சர்ஜன் அதைக் கழற்ற வேண்டி வந்தால், அந்த ஸ்க்ரூ தலைக்குப் பொருந்தும் திருப்புளி எது என்பது அவருக்கு அந்த ஸ்டிக்கரிலிருந்துதான் தெரியும்.